கடலோரப் பொதுப்பணிகளில் எண்ணியல் ஆய்வு: வண்டூரை முன்வைத்து ஒரு விளக்கம்

தீவில் வாழ்வோர்க்குப் படகுத்துறையே ஊரின் தலைவாயில். அரிசி, சிமெண்டு, மருந்து ஆகிய யாவும் அதன் வழியே வருகின்றன. நோயாளியும் மாணவரும் அதன் வழியே பிற தீவுகளுக்குச் செல்கின்றனர். நூற்றுக்கணக்கான தீவுகளும் திட்டுகளும் கொண்ட அந்தமான் நிகோபார் ஒன்றியப் பகுதியில், ‘ஜெட்டி’ என மக்கள் வழங்கும் இத்துறைகள் பழுதுபட்டால் மாற்றுப் பாதை இல்லை. ஆகவே, இவற்றைக் கட்டுவதில் காட்டும் அக்கறையைக் கண்காணிப்பதிலும் காட்டுவது அரசின் கடமையாகிறது.

ஆனால் படகுத்துறையைக் கண்காணிப்பது எளிதன்று. ஒரு பள்ளிக் கட்டடத்தைச் சுற்றி வந்து பார்த்துவிடலாம். படகுத்துறையிலோ நாம் நடக்கும் மேல்தளம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தாங்கும் விட்டங்கள் தளத்தின் அடியில் மறைந்துள்ளன. தூண்களின் பெரும்பகுதி நீருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருக்கிறது. பொதுப்பணத்தின் கணிசமான பங்கு இவ்வாறு பார்வைக்கு எட்டாத இடத்தில் செலவாகிறது. அந்த மறைந்த பகுதியைக் காணவும் அளக்கவும், அளந்ததை அழியாமல் பதிந்து வைக்கவும் இன்று எண்ணியல் கருவிகள் துணைபுரிகின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன, அவற்றால் முழுப்பயன் பெற நிருவாகம் செய்ய வேண்டியவை யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வண்டூரின் இயல்பு

தென் அந்தமானின் தென்மேற்குக் கரையில் அமைந்த சிற்றூர் வண்டூர். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து சாலைவழி சுமார் 25 கிலோமீட்டர் தொலைவு. 1983ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயில் இதுவே. சுமார் 281 சதுர கிலோமீட்டர் பரப்பும் 15 தீவுகளும் கொண்ட இப்பூங்காவின் ஜாலிபாய், ரெட்ஸ்கின் ஆகிய தீவுகளுக்குச் செல்லும் படகுகள் வண்டூர்த் துறையிலிருந்துதான் புறப்படுகின்றன.

கட்டுமானப் பொறியாளரின் கண்கொண்டு நோக்கினால் வண்டூரில் மூன்று இடர்கள் ஒருங்கே காணப்படும். முதலாவது, உப்புக்காற்றும் வெப்பமும் மழையும் இணைந்த அரிக்கும் சூழல். இரண்டாவது, நாட்டின் மிக உயர்ந்த நிலநடுக்க இடர் மண்டலத்தில் இவ்வூர் அமைந்திருப்பது. மூன்றாவது, அருகிலேயே பவளத்திட்டுகள் இருப்பதால், கட்டும்போதும் பழுது பார்க்கும்போதும் நீரைக் கலக்காமல் பணிபுரிய வேண்டிய கட்டாயம். இவற்றுடன் மற்றொன்றையும் குறிப்பிடலாம். அருகிலுள்ள லோஹாபாரக் பகுதி உவர்நீர் முதலைகளின் சரணாலயமாகும். இத்தகைய நீரில் ஆய்வுக்காக மூழ்காளரை இறக்குவது ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டிய செயல். மனிதர் இறங்கத் தயங்கும் இடத்தில் கருவியை இறக்குவதற்கு இதுவே போதிய காரணம்.

கான்கிரீட்டைக் கடல் அரிக்கும் விதம்

கருவிகளின் பயனை உணர, எதைத் தேடுகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

நல்ல கான்கிரீட் காரத்தன்மை உடையது. அதனுள் புதைந்த இரும்புக் கம்பியின்மீது நுண்ணிய காப்புப் படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கிறது. கடல்நீரிலுள்ள குளோரைடு உப்பு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல மெல்ல உட்புகுந்து கம்பியை அடையும்போது அப்படலம் சிதைகிறது. ஈரமும் உயிர்வளியும் கிடைத்தவுடன் துருப்பிடித்தல் தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தால் கான்கிரீட் வெடித்து, செதில் செதிலாக உதிர்கிறது.

இத்தீங்கு தூண் முழுவதும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. எப்போதும் நீரில் மூழ்கிய பகுதியில் உப்பு மிகுதியாயினும் உயிர்வளி குறைவு. உயரே காற்றில் நிற்கும் பகுதியில் உயிர்வளி மிகுதியாயினும் உப்பு குறைவு. ஓதம் ஏறி இறங்கும் பகுதியிலும், அதற்கு மேலே அலை தெறிக்கும் பகுதியிலுமே இரண்டும் கூடுகின்றன. நனைந்தும் காய்ந்தும் மாறிவரும் இப்பட்டைதான் கடலோரக் கட்டுமானத்தின் மிக நலிந்த இடம்.

இதை உணர்ந்தே, இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 456 : 2000 நெறிமுறை, ஓதப் பகுதியிலுள்ள கான்கிரீட்டை மிகக் கடுமையான சூழலில் சேர்த்தது. எம்-40 தரம், 0.40க்கு மிகாத நீர்-சிமெண்டு விகிதம், கம்பிக்கு வெளியே 75 மில்லிமீட்டர் கான்கிரீட் போர்வை ஆகியவற்றை அது விதித்தது. பணியிடத்தில் ‘கவர்’ என்று சொல்லப்படும் இப்போர்வையின் கனம் அற்பமான செய்தியன்று. உப்பு உட்புகுந்து கம்பியை எட்டும் காலம், தோராயமாகப் போர்வைக் கனத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது. 75 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 50 மில்லிமீட்டரே இருந்தால், அந்தக் காலம் ஒன்பதில் நான்கு பங்காக, அதாவது பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். கம்பி கட்டும்போது நேர்ந்த ஓர் அங்குலக் குறைவு, பல ஆண்டுகளுக்குப் பின் வரவேண்டிய பழுதை முன்கூட்டியே கொண்டுவந்து விடுகிறது. கான்கிரீட் இட்ட பின்னர் இக்குறை வெளியே தெரியாது.

வழக்கமான முறையும் அதன் எல்லையும்

இதுவரை பெரும்பாலான பணிகளில் ஆய்வு என்பது பொறியாளரின் கண், சுத்தியல், அளவுநாடா ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. சுத்தியலால் தட்டி, ஒலி வேறுபாட்டைக் கொண்டு உள்ளே வெற்றிடம் உண்டா என்று அறியும் முறை இன்றும் மதிப்பிழக்கவில்லை. நீருக்கடியில் மூழ்காளர் தடவிப் பார்த்தும் ஒளிப்படம் எடுத்தும் வந்து கூறுவதை அறிக்கையாக எழுதுவர். அளவுப் புத்தகத்தில் பதிவு ஏறும், பட்டியல் தேறும்.

இம்முறையின் குறை மனிதரின் திறமையில் இல்லை, பதிவின் தன்மையில் உள்ளது. ‘தூண்கள் பொதுவாக நல்ல நிலையில் உள்ளன’ என்ற ஒரு வரியைப் பத்தாண்டுகள் கழித்து வரும் பொறியாளர் என்ன செய்ய முடியும்? எந்தத் தூண், எந்த உயரம், விரிசல் எவ்வளவு நீளம், அன்று ஓதம் எந்த நிலையில் இருந்தது என்ற விவரங்கள் இல்லாதபோது, பழுது வளர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல வழியில்லை. ஒரு விரிசலின் அகலத்தைக் காட்டிலும் அது விரியும் வேகமே முக்கியமானது. வேகத்தை அறிய ஒப்பிடத்தக்க இரண்டு பதிவுகளேனும் வேண்டும்.

கருவிகள் மூவகை

எண்ணியல் ஆய்வுக் கருவிகளை அவை பார்க்கும் இடத்தைக் கொண்டு மூவகையாகப் பிரிக்கலாம்.

நீருக்கு மேலே: ‘டிரோன்’ எனப்படும் ஆளில்லா வானூர்தி, தளத்தின் விளிம்புகளையும் பக்கவாட்டையும், படகு உரசும் தாங்கு கட்டைகளையும் நெருங்கிப் படமெடுக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணிப்பொறி இணைத்து, அளவுப் பிசகாத முப்பரிமாண உருவமாக ஆக்கித் தருகிறது. லேசர் அலகீட்டுக் கருவியும் இவ்வாறே கோடிக்கணக்கான புள்ளிகளால் ஆன உருவத்தைத் தரும். இன்றைய உருவத்தின்மேல் சென்ற ஆண்டின் உருவத்தை வைத்துப் பார்த்தால், தளம் எங்கே தாழ்ந்தது, தூண் எங்கே சாய்ந்தது என்பது நிறவேறுபாடாகத் தெரியும். நமது நாட்டில் டிரோன் பறக்கவிடுதல் 2021ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டது. வானூர்தி நிலையமும் பாதுகாப்புப் படைத் தளங்களும் உள்ள தென் அந்தமானில் உரிய அனுமதியை முன்கூட்டியே பெறுவது பணித்திட்டத்தின் ஒரு கூறாக இருக்க வேண்டும்.

கான்கிரீட்டின் உள்ளே: போர்வைமானி எனும் கருவி மின்காந்த முறையில் கம்பியின் இடத்தையும் அதன்மேல் உள்ள கான்கிரீட்டின் கனத்தையும் காட்டுகிறது. மேலே கூறிய 25 மில்லிமீட்டர் குறைவை, பட்டியல் தேறுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வல்லது இதுவே. கேளா ஒலித் துடிப்பைக் கான்கிரீட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அனுப்பி அதன் வேகத்தை அளக்கும் முறையும் உண்டு. திண்மையான கான்கிரீட்டில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டரோ அதற்கு மேலோ செல்லும்; வெற்றிடமோ விரிசலோ குறுக்கிட்டால் வேகம் குறையும். கம்பியின் மின்னழுத்தத்தைத் தாமிர-தாமிர சல்பேட்டு மின்முனையோடு ஒப்பிட்டு அளக்கும் சோதனையில், அளவு எதிர் 350 மில்லிவோல்ட்டைக் கடந்தால், அவ்விடத்தில் துருப்பிடித்தல் நடைபெறுவதற்கான வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் எனக் கொள்வது பன்னாட்டு வழக்கு. பைல் தூணின் தலையில் சிறு சுத்தியலால் தட்டி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூணின் தொடர்ச்சியையும் நீளத்தையும் மதிப்பிடும் சோதனை, மண்ணுக்குள் மறைந்த பகுதியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அரிய சான்று.

நீருக்கு அடியில்: ஒலி கடல்நீரில் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. படகிலிருந்து அனுப்பிய ஒலித்துடிப்பு நூறில் ஒரு விநாடியில் திரும்பினால், அது சென்று வந்த தொலைவு 15 மீட்டர். எனவே ஆழம் 7.5 மீட்டர். இவ்வெளிய கணக்கே எதிரொலி ஆழமானியின் அடிப்படை. ஒரே நேரத்தில் பல நூறு கதிர்களை விசிறிபோல் அனுப்பும் பலகற்றை ஆழமானி, தூண்களின் அடியில் நீரோட்டம் மண்ணை அரித்துக் குழி பறித்திருப்பதை வரைபடமாகவே காட்டிவிடும். கலங்கிய நீரில் ஒளிப்படக் கருவி பயன்படாதபோது ஒலியால் உருவம் காட்டும் சோனார் உதவுகிறது. கம்பிவடத்தால் மேலிருந்து இயக்கப்படும் சிறு நீரூர்தியில் விளக்கு, படக்கருவி, சோனார், எஃகுத் தகட்டின் கனமளக்கும் கருவி ஆகியவற்றைப் பொருத்தி ஒவ்வொரு தூணாகச் சுற்றி வரச் செய்யலாம்.

இத்துறையில் நமது நாடு பிறரை மட்டுமே நம்பி நிற்கவில்லை. 1993ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட சென்னை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ‘புரோவ்’ என்னும் தொலையியக்கு நீரூர்தி, அண்டார்க்டிகாவில் பனிக்கடியிலும் அந்தமானின் பவளத்திட்டுகளிலும் பணியாற்றியுள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முளைவிட்ட தனியார் நிறுவனங்கள் துறைமுகங்களுக்கும் அணைகளுக்கும் நீரடி ஆய்வுப்பணி செய்கின்றன. துறைமுகங்கள், நீர்வழிகள், கடற்கரைகள் ஆகியவற்றுக்கான தேசியத் தொழில்நுட்ப மையமும் அக்கழகத்தின் வளாகத்தில் 2023ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது.

அளவுகோலே இடம்பெயர்ந்தபோது

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அந்தமான் நிகோபார் தீவுகளின் துறைகளுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தன. தூண்கள் முறிந்ததையும் தளங்கள் சரிந்ததையும் எல்லாரும் கண்டனர். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு மாற்றமும் அன்று நிகழ்ந்தது. தீவுகளின் நிலமே தன் உயரத்தை மாற்றிக்கொண்டது. போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. தெற்கே இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கு மேல் அமிழ்ந்து கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. வடமேற்கிலோ, இன்டர்வியூ தீவு முதலான இடங்களில் நிலம் உயர்ந்து, பவளத்திட்டுகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. வண்டூரிலும் சிப்பிகாட் முதலிய ஊர்களிலும் தாழ்நிலங்களில் கடல்நீர் புகுந்து விளைநிலங்கள் பாழாயின.

இதன் பொருளைக் கட்டுமான நோக்கில் எண்ணிப் பார்க்க வேண்டும். போர்ட் பிளேரில் பெரும் ஓத நாட்களில் ஏற்ற இறக்கத்தின் வேறுபாடு சுமார் 2 மீட்டர். நிலம் 1 மீட்டர் தாழ்ந்தது என்றால், ஓத வீச்சில் பாதியளவுக்குக் கட்டடம் கீழே போய்விட்டது. முன்பு அலை தெறிக்கும் எல்லைக்கு மேலே, ஓரளவு உலர்ந்து நின்ற விட்டங்கள் நனைந்து காயும் பட்டைக்குள் வந்துவிடுகின்றன. தளத்தில் ஒரு விரிசலும் இல்லாமல் நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற துறையும், அன்று முதல் வேறொரு கடுமையான சூழலில் வாழத் தொடங்குகிறது. வரைபடத்தில் எழுதிய மட்டங்கள் அப்படியே இருக்கும். ஆனால் கடல் அவ்வரைபடத்தைப் படிப்பதில்லை.

இத்தகைய மண்டலத்தில் செய்யும் ஆய்வுக்கு இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. கட்டடத்தின் அளவுகளைக் கட்டடத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. அருகிலுள்ள மட்டக்குறிக் கல்லோடு ஒப்பிடுவதும் போதாது. கல்லும் நிலத்தோடு சேர்ந்தே தாழ்ந்திருக்கும். செயற்கைக்கோள் வழி நிலை காணும் துல்லியக் கருவியையும், ஓதமானியின் தொடர்ந்த பதிவையும் இணைத்து, தளத்தின் உயரம் கடல் மட்டத்துக்கு எவ்வளவு என்பதைக் குறித்த காலந்தோறும் புதிதாக நிறுவ வேண்டும்.

ஒரு பதிவு எத்தனை காலம் பயன்தரும் என்பதற்கும் போர்ட் பிளேரிலேயே சான்று உண்டு. 1881ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் கார் நிகோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கம் சிறு ஆழிப்பேரலையை எழுப்பியது. போர்ட் பிளேரில் நிறுவப்பட்டிருந்த ஓதமானி அதைத் தாளில் வரைந்து வைத்தது. நூற்றிருபது ஆண்டுகள் கடந்து, 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஓதமானிகள் வரைந்த அந்தக் கோடுகளைக் கொண்டே அந்நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 7.9 என்று கணித்தது. தாள் வரைவைப் பேணிக் காத்த ஊழியர்கள் அதன் பயனைக் காணவில்லை. ஆனால் நேரமும் இடமும் அளவும் தவறாமல் குறிக்கப்பட்டிருந்ததால் அது பின்வந்தோருக்குப் பயன்பட்டது. இன்று நாம் சேர்க்கும் எண்ணியல் பதிவுகளுக்கும் இதுவே உரைகல்.

பாம்பனும் ஃபுளோரிடாவும்

கருவி தந்த எச்சரிக்கையை நிருவாகம் ஏற்றுச் செயல்பட்டதற்குத் தமிழகத்திலேயே எடுத்துக்காட்டு உள்ளது. 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உப்புக்காற்றில் நின்றது. கப்பல் செல்லத் திறந்து வழிவிடும் அதன் தூக்குப் பகுதி கவலைக்குரிய இடமாயிற்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் துணையோடு உணரிகள் பொருத்தப்பட்டுப் பாலத்தின் அசைவும் தாங்குதிறனும் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டன. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அரிப்பின் கடுமை உறுதிப்பட்ட நிலையில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இராமேசுவரம் மக்களும் பயணிகளும் இரண்டாண்டுகளுக்கு மேல் இன்னலுற்றனர் என்பது உண்மையே. எனினும் பாலம் உயிர்ப்பலி கேட்குமுன் ஓய்வு பெற்றது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது.

இதற்கு மாறான நிகழ்ச்சி அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கடற்கரையில் நடந்தது. சர்ஃப்சைடு நகரில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்று 2021ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இடிந்து 98 பேர் உயிரிழந்தனர். நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தின் அடியில் கான்கிரீட் கடுமையாகப் பழுதுற்றிருப்பதை 2018ஆம் ஆண்டிலேயே பொறியாளர் ஒருவரின் அறிக்கை சுட்டிக்காட்டியிருந்தது. அங்கே பழுது நீக்கும் வேலை தொடங்குமுன் கட்டடம் வீழ்ந்தது. ஆய்வு நடந்தது, அறிக்கையும் இருந்தது, செயல்தான் வரவில்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை தெளிவாகும். கருவியின் நுட்பம் ஆய்வின் முதற்பாதி மட்டுமே. பதிவைக் கண்டு முடிவெடுக்கும் அதிகாரமும், முடிவைச் செயலாக்கும் நிதியும், அதற்கான கால எல்லையும் மறுபாதி. இரண்டாம் பாதி இல்லையேல் முதற்பாதி வீண் செலவாகும்.

நிருவாகம் செய்ய வேண்டியவை

வண்டூர் போன்ற இடத்தில் படகுத்துறை ஒன்று கட்டப்படும்போதோ புதுப்பிக்கப்படும்போதோ பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுதல் நலம்.

முதலாவதாக, ஆய்வைப் பணி மதிப்பீட்டிலேயே தனி இனமாகச் சேர்த்து நிதி ஒதுக்க வேண்டும். பணி முடிந்தபின் ஆய்வுக்குப் பணம் தேடுவது நடைமுறையில் கைகூடுவதில்லை.

இரண்டாவதாக, ஒவ்வொரு தூணுக்கும் விட்டத்துக்கும் நிலையான எண் இட வேண்டும். படமெடுக்கும் இடங்களும் கோணங்களும் குறிக்கப்பட வேண்டும். படத்துடன் நாள், நேரம், ஓத நிலை, அமைவிடம் ஆகியவை தாமே பதிவாதல் வேண்டும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2016ஆம் ஆண்டு முதல் அமைவிடக் குறியோடு படம் பதிந்த அனுபவமும், நெடுஞ்சாலைப் பணிகளில் மாதந்தோறும் டிரோன் படம் எடுப்பதை இந்திய தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021ஆம் ஆண்டு கட்டாயமாக்கியதும் இதற்கு முன்மாதிரிகள்.

மூன்றாவதாக, பணியை ஒப்படைக்கும் நாளில் முழுமையான முதற்பதிவு எடுக்க வேண்டும். பிறந்த குழந்தையின் எடையைக் குறித்து வைப்பதைப் போன்றது இது. பின்னர் எடுக்கும் ஒவ்வோர் அளவும் இதனோடு ஒப்பிடப்படும். ஆண்டுக்கொரு முறை நீருக்கு மேலும், ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் நீருக்கு அடியிலும் ஆய்வு நடத்தலாம். புயல், நிலநடுக்கம், படகு மோதல் ஆகியவற்றுக்குப் பின் உடனே சிறப்பாய்வு தேவை.

நான்காவதாக, கட்டியவரே தம் பணியை ஆய்ந்து சான்றளித்தல் தகாது. ஆய்வு செய்வோர் தனித்து நிற்பவராகவும், பதிவுகள் துறையின் உடைமையாகவும் இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டுமே திறக்கும் கோப்புகளை ஏற்கக் கூடாது. ஒரு படியைத் தீவுக்கு வெளியேயும் காப்பது அவசியம். கட்டடத்தை அழிக்கும் பேரிடர் அதன் பதிவேட்டையும் அழித்துவிடலாம் அல்லவா? 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை-அந்தமான் கடலடி ஒளியிழை வடம் இதை எளிதாக்கியுள்ளது. செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்த காலத்தில் பெருங்கோப்புகளைத் தலைநிலத்துக்கு அனுப்புவது கடினமாயிருந்தது. இன்று சென்னையிலுள்ள வல்லுநர் அன்றே பார்த்துக் கருத்துரைக்க இயலும்.

ஐந்தாவதாக, கண்டறிந்த ஒவ்வொரு குறைக்கும் தரநிலை, பொறுப்பு அலுவலர், முடிக்க வேண்டிய நாள் ஆகிய மூன்றும் குறிக்கப்பட வேண்டும். அவை நிரப்பப்படாத பதிவை முடிந்த பதிவாகக் கொள்ளலாகாது.

இவற்றைப் பொதுமக்களும் காணத்தக்கதாக்குவது நன்று. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஆவணங்களைப் பார்ப்பதோடு பணிகளை நேரில் ஆய்வு செய்யவும் கட்டுமானப் பொருளின் மாதிரியைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. நாள்தோறும் துறையில் படகு கட்டும் மீனவரும் படகோட்டியும் முதலில் காணும் விரிசலை உரியவருக்குத் தெரிவிக்க எளிய வழி இருக்குமானால், எந்தக் கருவிக்கும் அது ஈடாகும்.

பவளத்துக்கும் ஒரு பதிவு

வண்டூரில் ஆய்வு கட்டடத்தோடு முடிவதில்லை. தூண் இறக்கும்போதும் மண் அள்ளும்போதும் எழும் வண்டல் பவளத்தின்மேல் படிந்தால், ஒளியின்றி அதனுள் வாழும் நுண்பாசிகள் நலிகின்றன. 2010ஆம் ஆண்டில் கடல்நீர் வெப்பம் மிகுந்து அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளிறின. ஏற்கெனவே வெப்பத்தால் தளர்ந்த திட்டுக்குக் கட்டுமான வண்டல் மற்றொரு சுமை. பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் உயர்ந்த காப்பைப் பெற்றவை என்பதையும் மறத்தல் ஆகாது.

நீரின் கலங்கலைத் தொடர்ந்து அளக்கும் உணரிகளைப் பணியிடத்தைச் சுற்றி மிதக்கவிட்டு, குறித்த எல்லையைத் தாண்டியவுடன் வேலையை நிறுத்தலாம். தூண்களை ஆய்வதற்கு இறக்கிய நீரூர்தியைக் கொண்டே அருகிலுள்ள பவளத்தின் நிலையையும் படமெடுக்கலாம். கூடுதல் செலவு சிறிது, பயன் பெரிது.

கருவியின் எல்லைகள்

எண்ணியல் கருவிகளை அளவுக்கு மீறி நம்புவதும் தவறு. சிப்பியும் பாசியும் அடர்ந்து படிந்த தூணில், அவற்றைச் சுரண்டி நீக்காமல் எடுத்த படம் சிப்பியையே காட்டும், விரிசலைக் காட்டாது. முழுவதும் நீரில் ஊறிய கான்கிரீட்டில் உயிர்வளி குறைவதால், துருப்பிடித்தல் மும்முரமாக இல்லாதபோதும் மின்னழுத்த அளவு மிகத் தாழ்ந்து காணப்படும். இதை அறியாதவர் நல்ல தூணைப் பழுதென முடிவு செய்துவிடுவர். படங்களில் விரிசலைத் தாமே கண்டறியும் கணிப்பொறி முறைகள் நிழலையும் நீர்க்கறையையும் விரிசலெனக் குறிப்பதுண்டு. ஆகவே கருவி சுட்டிய இடத்தில் பொறியாளர் நேரில் சென்று பார்க்கவும், ஐயமுள்ள இடத்தில் மாதிரி எடுத்துச் சோதிக்கவும் வேண்டும். கருவி பொறியாளரின் கண்ணை நீட்டிக்கிறதே தவிர, அவருடைய தீர்ப்பின் பொறுப்பை ஏற்பதில்லை.

சிறிய துறைக்கு விலையுயர்ந்த எல்லாக் கருவிகளும் தேவையில்லை. எண்ணிட்ட தூண்கள், நிலையான படப்புள்ளிகள், நல்ல கைப்பேசி, ஒரு போர்வைமானி ஆகியவற்றைக் கொண்டே முதற்படியை எடுத்துவைக்கலாம். நீரூர்தியையும் பலகற்றை ஆழமானியையும் ஒவ்வொரு பிரிவும் வாங்காமல், பல தீவுகளின் துறைகளுக்கும் பொதுவாக ஒரு குழு சுற்றிவருமாறு அமைத்தால் செலவு குறையும். தீவுகளில் துறைமுகப் பணிகளை நிறைவேற்றி வரும் அந்தமான் இலட்சத்தீவுத் துறைமுகப் பணித்துறை போன்ற அமைப்பு இதற்குப் பொருத்தமானது.

செலவைப் பற்றி ஒரு சொல். வடிவமைப்பின்போது ஒரு ரூபாயில் தவிர்க்கக்கூடிய குறையை, பராமரிப்பின்போது தீர்க்க 5 ரூபாயும், துரு தொடங்கியபின் 25 ரூபாயும், முற்றிய பின் 125 ரூபாயும் ஆகும் என்று டி சிட்டர் என்னும் பொறியியல் அறிஞர் 1984ஆம் ஆண்டில் ஒரு தோராய விதி கூறினார். இது கணித முடிவன்று, அனுபவத்தின் சுருக்கம். சிமெண்டும் கம்பியும் கப்பலேறி வங்கக் கடலைக் கடந்து வரவேண்டிய தீவுகளில், காலந்தாழ்த்தலின் விலை இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

கடலோரக் கட்டுமானம் நம் தலைமுறையோடு முடிவதில்லை. இன்று பணியிலுள்ள அலுவலர் மாற்றலாகிச் செல்வார். ஒப்பந்தக்காரர் கணக்கை முடித்துக்கொள்வார். துறை மட்டும் அங்கேயே நின்று நாள்தோறும் இருமுறை ஓதத்தைச் சந்திக்கும். அதன் உடல்நலத்தை அறியும் பதிவேடு ஒழுங்காகத் தொடங்கப்பட்டு, கைமாறிக் கைமாறித் தொடருமாயின், அடுத்து வரும் பொறியாளர் ஊகத்தை விட்டு அளவைக் கொண்டு முடிவெடுப்பார். பொறியியல் பயிலும் மாணவர் கருவியைக் கையாளக் கற்பதோடு, பிறர் புரிந்துகொள்ளுமாறு பதிந்து வைக்கவும் கற்க வேண்டும். அலுவலர் அப்பதிவைப் படித்து, உரிய நாளில் கையொப்பத்தோடு செயலையும் சேர்க்க வேண்டும். வண்டூரில் படகேறும் பயணியின் பாதுகாப்பு இவ்விருவரின் கடமையுணர்வையே சார்ந்திருக்கிறது.